நைனா பூசிய லப்பம்

இரு வேறு பசைகளை உள்ளங்கையில் சேர்த்துப் பிசையும்போது எழும் காரமான மணம் மூக்கின் உட்புறத்தைச் சுரண்டிக்கொண்டு போய்க் கண்ணில் நீராக நிற்கும். அம்பத்தூர்ப் பட்டறைகளில் வார்ப்பிரும்பில் விழும் விரிசல்களை அடைப்பதற்கு அதைத்தான் பூசுவார்கள்; பூசிய மறுநாள் உளி கொண்டு தட்டினாலும் பெயராது. அப்பட்டறைகளுள் ஒன்றில் பணியாற்றிய எங்கள் தந்தையார் அதனை 'லப்பம்' என்பார். இன்றும் கடைவீதியில் எவரேனும் அதைப் பிசைந்துகொண்டிருக்கக் கண்டால், நான் அவ்விடத்தில் நில்லாது கடந்துவிடுகிறேன்.

திருமுல்லைவாயிலில் எங்கள் இல்லத்துக்குத் தெருவார் இட்ட பெயர் 'கப்பலூடு'. வேப்பமரத்தடியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த சிறு பாய்மரப் படகே அப்பெயருக்குக் காரணம். துறைமுகத்தில் கழித்துவிடப்பட்ட மரப்பொருள்களோடு சரக்குந்தில் வந்திறங்கிய அதனைத் தந்தையார் வாங்கியது என் அக்காவுக்காக. இளம்பிள்ளைவாதம் அவளது வலக்காலைக் குழந்தைப் பருவத்திலேயே வாங்கிவிட்டிருந்தது. நாள்தோறும் காலையில் தந்தையார் அவள்முன் குந்தியமர்ந்து, இரும்புச் சட்டமும் தோல்வார்களும் கொண்ட 'காலிரும்பை'ப் பூட்டிவிட்ட பின்னரே அவள் எழுந்து நிற்பாள். ஆயினும் சுக்கான் பிடியைக் கையில் கொடுத்துவிட்டால், காற்று வரும் திசையை முகத்தாலேயே அறிந்து பாயைத் திருப்புவாள். ஏரி நடுவே அவளைக் காணும் எவருக்கும் அவள் நடக்க இடர்ப்படுபவள் என்று தோன்றாது.

"காலு செரியில்லாத பொண்ண தண்ணில வுடுறியே, இன்னா மனுசன் நீ?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"தண்ணில காலு எதுக்குடி? கை கீது, கண்ணு கீது, பத்தாதா?" என்பார் தந்தையார். முணுமுணுத்துக்கொண்டே அம்மா, கிழிந்த பாயைத் தையற்பொறியில் இட்டு ஒட்டுப்போட்டுக் கொடுப்பார்.

எங்கள் ஏரி மழைக்குப் பின்னரே நிறையும். கோடை முழுவதும் வெயிலில் கிடக்கும் படகின் பலகைகள் சுருங்கி, இணைப்புகளில் இடைவெளி விழும். ஆதலால் கார்த்திகையில் நீர் நிறைந்ததும், கற்களை ஏற்றிப் படகைக் கரையோரத்து நீரில் மூழ்கடித்துச் சில நாள் ஊறவைப்பது எங்கள் வழக்கம். மரம் நீர் குடித்துப் பருத்து இடைவெளிகளைத் தானே மூடிக்கொள்ளும். அப்படியும் சிறு கசிவு எஞ்சும். அடியில் தேங்கும் அந்நீரில் காலிரும்பு துருவேறும், தோல்வார் ஊறித் தடித்து அவள் காலைப் புண்ணாக்கும். அதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் வாரைக் கழற்றுபவர் தந்தையார் அல்லரோ!

ஓராண்டு மாசியில் நீர் வற்றத் தொடங்கியபோது, மதகோரத்துக் கல்லொன்றில் உரசிப் படகின் அடிப்பலகையில் விரல்நீள விரிசல் விழுந்தது. சிறிய காயந்தான். தந்தையார் தாமே அதனைச் சுரண்டித் துப்புரவாக்கி, உப்புத்தாளால் தேய்த்து, லப்பம் பூசினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அக்காவின் காலில் இனி ஒரு துளியும் படலாகாது என்று, சுருங்கிக் கிடந்த பலகைகளின் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் கத்திமுனையால் அதைத் திணித்து, சித்திரை வெயிலில் இறுகவிட்டார். வாழ்நாளெல்லாம் இரும்போடு பழகியவர் அவர்; இரும்பில் அடைத்த விரிசல் அடைபட்டதுதான்.

"இன்னா அண்ணாத்தே, கப்பல் எப்போ சிலோனுக்குக் கெளம்புது?" என்று எதிர்வீட்டு முனுசாமி வேலிக்கு வெளியே நின்று கேட்பார்.

"உன்ன இட்டுகினு போய் அங்கயே எறக்கி வுட்டுட்டு வரத்தான் ரெடி பண்ணிகினு கீறேன்" என்பார் தந்தையார், தலைநிமிராமல்.

அவ்வாண்டு ஏரி நிறைந்ததும் படகை ஊறப்போடவில்லை, தேவையில்லை என்றார். உண்மையிலேயே முதல் நாள்களில் துளிநீரும் உட்புகவில்லை. கரைக்கு வந்த அக்கா காலை நீட்டித் தோல்வாரைக் காட்டினாள்: "பாரு நைனா, நம்ம ஊட்டுத் தரகூட இப்டி காஞ்சி கெடக்காது!" அன்று தந்தையார் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை அதற்கு முன்னரோ பின்னரோ நான் கண்டதில்லை.

மரமோ நீரில் நாளுக்குநாள் பருத்துக்கொண்டிருந்தது. இணைப்புகளில் லப்பம் இறுகிக் கிடந்ததால் பருப்பதற்குத்தான் இடமில்லாமற் போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஏரியின் நடுவே எழுந்த 'படீர்' என்னும் ஒலி கரையில் நின்ற எங்களுக்கும் கேட்டது. பாய் ஒருபுறமாய்ச் சாய்ந்தது. சரக்குந்துச் சக்கரத்தின் காற்றுக்குழாயில் மிதந்தபடி வலை வீசிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் விரைந்து சென்று அக்காவைப் பற்றி இழுத்து வந்தார். "கப்பல் முழுவுறதுக்கு முன்னாடியே கேப்டன் குதிச்சிட்டியே தங்கச்சி" என்று அவர் சிரிக்க முயன்றபோது எவரும் சிரிக்கவில்லை.

படகைக் கயிறு கட்டிக் கரையேற்றிக் கவிழ்த்தனர். தந்தையார் அக்காவைப் பார்த்தார்.

"கல்லு மேல ஏத்திட்டேன் நைனா. பராக்கு பாத்துகினு வந்தேன். என் தப்புதான்."

ஏரி தளும்ப நின்ற காலம் அது. நடுவில் படகைத் தொடும் கல் ஏது? அடிப்புறத்தில் உரசிய வடுவும் இல்லை. ஆணிகள் தெறித்து, பலகை லப்பத்தின் ஓரமாகவே நெடுகப் பிளந்திருந்தது. லப்பம் மட்டும் எங்கும் விள்ளாமல் இருந்தது. சிறுமியாகிய எனக்கே தெரிந்தது அவருக்குத் தெரியாதிருக்குமா? கட்டைவிரலால் அப்பிளவை ஒருமுறை நெடுகத் தடவினார். பிறகு குந்தியமர்ந்து, அக்காவின் நனைந்த வார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "செரி, ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

"பராக்கு பாக்கறவளுக்கு இனிமே தண்ணி எதுக்கு?" என்று அம்மா தீர்த்துச் சொன்னார். அக்கா மறுக்கவில்லை. தந்தையாரும் மறுக்கவில்லை. படகு மீண்டும் வேப்பமரத்தடிக்கு வந்தது; அவர் அதைச் செப்பனிடவே இல்லை. அக்கா அதன்பின் ஒருநாளும் நீரில் இறங்கவில்லை.

பெற்றோர் இருவரும் மறைந்தனர். வீட்டை இடித்து அடுக்ககம் எழுப்பினர். வேப்பமரமும் 'கப்பலூடு' என்னும் பெயரும் போயின. ஏரிக்கரையில் கம்பிவேலியும் நடைபாதையும் வந்துவிட்டன. படகை அப்புறப்படுத்திய அன்று கரையான் தின்ற பலகைகள் கைபட்டதும் பொடியாக உதிர, லப்பம் மட்டும் நீண்ட மீன்முள்போலத் தனியே எஞ்சியது. அதில் ஒரு துண்டை அக்கா தன் சன்னலோரத்தில் வைத்திருக்கிறாள்.

அண்மையில் ஒருநாள் அவளிடம் கேட்டேவிட்டேன்: "உண்மைய சொல்லியிருந்தா வேற மாதிரி அடைச்சிக் குடுத்திருப்பாரே. நீ இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாமேக்கா."

"போடி. சொல்லியிருந்தா, மறுநா காலைல எந்தக் கையால எனக்குக் காலிரும்பு பூட்டுவாரு?"

இப்போது அதை நாள்தோறும் பூட்டிவிடுபவள் நான். நைனா பூட்டியதுபோல் வரவில்லை என்று அவள் குறைபட்டுக்கொள்வாள்; நான் வாரை அவிழ்த்து மீண்டும் இழுத்துக் கட்டுவேன்.