தெரிந்த கம்பி

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் பக்கத்து வீட்டு டென்சில், வயலுக்கு மருந்தடிக்கும் சின்ன விமானம் ஓட்டியவர். ஆறடிக்கு மேல் உயரம். ஊருக்கெல்லாம் கழுகுக் கண், தன் வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடும் கம்பி மட்டும் கண்ணில் படாது. கல்யாணமான நாளிலிருந்து அதே இடத்தில் இருக்கிற கம்பி. வாரம் ஒரு தடவையாவது கழுத்தில் இடித்துக்கொண்டு நிற்பார். அவர் மனைவி மௌரீன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கம்பியின் நடுவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினாள்.

"பிளேன் வேற ஓட்டறீங்க" என்று குத்திக்காட்டுவாள்.

"தெரியாத கம்பின்னா ஜாக்கிரதையா இருப்பேன் மௌரீன். இது தெரிஞ்ச கம்பிதானே?" என்று கழுத்தைத் தடவிக்கொள்வார்.

மருந்தடிக்கிற விமானம் பயிரை உரசுகிற மாதிரிதான் பறக்கும். மேலிருந்து பார்த்தால் மின்கம்பி பச்சையோடு பச்சையாகக் கரைந்துவிடுமாம், கம்பம்தான் தெரியுமாம். அதனால் எந்த வயலானாலும் முதலில் நடந்து சுற்றிப் பார்க்காமல் டென்சில் ஏறமாட்டார். தரையில் கொடி காட்டி வழி சொல்லும் மைக்கேல்ராஜும் கூடவே நடப்பார்.

தொண்ணூற்றாறில், ராய்ச்சூர் பக்கம் ஒரு பருத்தி வயலில், அவருடைய விமானம் மின்கம்பியில் மாட்டி விழுந்தது. சவப்பெட்டியைத் திறக்கக்கூடாது என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள்.

விமானக் கம்பெனிக்காரர்கள், ஓட்டியவரின் கவனக்குறைவு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மௌரீன் ஒப்பவே இல்லை. "எவனோ பம்புசெட்டுக்குத் திருட்டுத்தனமா இழுத்த கம்பி. காலையில இருந்திருக்காது. இருந்திருந்தா அவரு பாத்திருப்பாரு" என்று மாதா கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நானும் சேர்ந்து அந்த முகம் தெரியாத விவசாயியைத் திட்டித் தீர்த்தேன். யாரையாவது திட்டினால்தான் எனக்குத் துக்கம் கொஞ்சமாவது ஆறும்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், அந்த இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்றாள். மைக்கேல்ராஜ் எவ்வளவோ தட்டிக்கழித்தார், நடக்கவில்லை. துணைக்கு நானும் போனேன்.

கம்பங்கள் பழையவை. ஒன்றில் காட்டுக்கொடி பாதி உயரம் ஏறிப் பூத்திருந்தது. வயல்கார அம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்குக் காலையில் அவரும் இந்தக் கம்பத்தடியில் நின்றுதான் மோர் குடித்தார் என்று கன்னடத்தில் சொன்னாள். மௌரீன் திரும்பி மைக்கேல்ராஜைப் பார்த்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

மைக்கேல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "அவருதான் அக்கா எனக்கே காட்டினாரு. இந்தக் கம்பியை ஒட்டியே போயிட்டு வருவேன், குறுக்கால வரமாட்டேன்னாரு. காலையிலேர்ந்து அப்படித்தான் ஓட்டினாரு. கடைசியில வரப்போரமா கொஞ்சம் மருந்து படாம நின்னுபோச்சு. அரைகுறையா விட்டுட்டுப் போக அவருக்கு மனசு வருமா? அதை மட்டும் முடிச்சுட்டுப் போலாம்னு குறுக்கால வந்தாரு. அந்த நேரத்துல கம்பி நெனப்பே இல்ல அவருக்கு."

"ஏன் இத்தனை நாளா சொல்லலை?"

"யாரையாவது திட்டிக்கிட்டு இருந்தா நீங்க தாங்கிக்குவீங்கன்னு நெனச்சேன்."

அவள் அங்கே அழவில்லை. மோரை முழுக்கக் குடித்து, டம்ளரை அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். பஸ் தும்கூரைத் தாண்டும்போது, "திட்டறதுக்குக்கூட எனக்கு ஆள் இல்லாமப் போச்சே காந்தா" என்று என் மடியில் சாய்ந்தவள்தான். பெங்களூர் வரை அவளை என்னால் தேற்ற முடியவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. மௌரீன் குள்ளம், அந்தக் கம்பி அவள் தலைக்கு மேலே இருக்கிறது. அந்த வீட்டில் வேறு யாருக்கும் அது இடிக்காது. ஆனாலும் சிவப்புத் துணி வெளுத்துவிட்டால், கையை உயர்த்திப் புதுசு கட்டுகிறாள். போன வாரமும் கட்டிக்கொண்டிருந்தாள். மனசு கேட்காமல், "யாருக்கு மௌரீன் இது?" என்று கேட்டுவிட்டேன்.

முடிச்சை இறுக்கிவிட்டு, "அவருக்கு நெனப்பு இருக்காது காந்தா" என்றாள்.