எல்லாரும் அடைஞ்சாச்சா?

முதியவர்களுடன் தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்வது என் அக்காவின் வேலை. அவர்கள் போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணிய பிறகு என்னிடம் வந்தாள். வந்தவள் பெட்டியைப் பிரித்தாளா? கட்டிலுக்கடியில் பூட்டியபடியே கிடந்தது. மின்விசிறி போடக்கூட என்னிடம் அனுமதி கேட்டாள். எரிச்சலாக வந்தது. இனி அவள் எங்களோடேயே இருக்கட்டும் என்று நான் தவித்துக்கொண்டிருக்க, மகராசி அடுத்த வேலைக்குச் சொல்லிவைத்திருந்தாள்.

பொழுது சாய்ந்ததும் கோழி கூட்டுக்குத் திரும்புவதை அடைவது என்போமே, அக்கா அதை மனிதர்களுக்கும் சொல்வாள். வேலை பார்த்த வீடுகளிலும் அப்படித்தானாம். விளக்குப் போட்டதும், "எல்லாரும் அடைஞ்சாச்சா?" என்பாள். நாங்கள் குரல் கொடுத்தால்தான் தாழ்ப்பாள் போடுவாள்.

"நாங்க என்ன கோழியா பெரியம்மா?" என்று என் மகள் வம்புக்கிழுப்பாள்.

"கோழிக்காவது நேரத்துக்கு வரத் தெரியும்டி."

நேற்று முதுகு பிடித்துக்கொண்டு நான் படுத்திருந்தேன். அக்கா எனக்குத் தைலம் வாங்க மருந்துக்கடைக்குப் போயிருக்கிறாள். மகளிடம் சொல்லிவிட்டுத்தான் போனாளாம். அந்த மகாராணி காதில் ஹெட்போன். வேலை முடிந்து வந்த என் கணவர், அக்காவைப் போலவே இழுத்து, "எல்லாரும் அடைஞ்சாச்சா?" என்று கேட்டார். நானும் மகளும், "அடைஞ்சாச்சு" என்றோம். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார். கேட்கிறவளைச் சேர்த்து எண்ணும் பழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அக்காவைத் தேடினோம். கதவைத் திறந்தால், மாடிப்படியில் தைலத்தோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"கதவைத் தட்டுனா கையா தேஞ்சிடும்?" என்று கத்தினேன்.

"பூட்டின வீட்டைத் தட்டிப் பழக்கமில்லடி. தூங்குறவங்களுக்குத் தொந்தரவு."

"நான் என்ன உன் முதலாளியா? தங்கச்சி, அக்கா!" அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

உள்ளே அழைத்து வந்தேன். தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு, "அடைஞ்சாச்சா?" என்றேன்.

"யாரைக் கேக்குற?"

"உன்னைத்தான்."

சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என்னை யாரும் கேட்டதே இல்லடி" என்றாள். பிறகு, "சரி, அடைஞ்சாச்சுன்னே வச்சுக்கோ. தாழ்ப்பாளைப் போடு, கால் வலிக்குது."

பெட்டி இன்னும் பூட்டியபடிதான் இருக்கிறது. ஆனால் இன்று காலை எழுந்து பார்த்தேன். அவள் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.