மான் தின்ற தாள்

மான் தின்றுவிட்ட ஒரு தாளை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? பதினொரு வயதில் இந்தக் கேள்வி எனக்கு எழுந்தபோது, அதற்குக் காரணமான மான் எங்கள் வேலிப் படலையருகே நின்று சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

திருகோணமலை நகரத் தெருக்களில் மான்கள் திரிவது எங்களுக்குப் புதினமல்ல. வாழைப்பழத் தோல், கடதாசிப் பை, சுவரொட்டி என்று எதையும் அவை விட்டுவைப்பதில்லை. "படலையைச் சாத்து, மான் வரும்" என்பது எங்கள் வீட்டில் நாளுக்கு நான்கு தடவையாவது கேட்கும் வாசகம். அன்று நான் சாத்தவில்லை.

அந்தத் தாள் என் புத்தகத்திலிருந்து போயிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன்; ஆனால் அது பாடசாலை அகராதியின் தாள். பாடசாலையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. எப்போதோ ஒரு புத்தகம் கிழிந்து திரும்பியதால், அதிலிருந்த ஆங்கிலப் புத்தகங்கள் பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்தன. புதிதாக வந்த ஆங்கில ஆசிரியை பாடசாலை அதிபரிடம் மன்றாடிப் பூட்டின் திறப்பை வாங்கினார். அதிபர் ஒரு நிபந்தனையுடன் கொடுத்தார்: ஒரேயொரு புத்தகம் பழுதாகி வந்தாலும் அலுமாரி மறுபடி பூட்டப்படும், எல்லோருக்கும். வாரத்துக்கு ஒருவராக நாங்கள் அதிலிருந்த பெரிய அகராதியை வீட்டுக்குக் கொண்டுபோனோம். அந்த வாரம் என் முறை.

அகராதியில் ஈர வாடை அடித்தது. அம்மா செத்தல் மிளகாய் காயவைப்பது போல முற்றத்துப் பாயில் அதை விரித்துவைத்து, பக்கத்தில் இருந்து மாங்காய் தின்றபடி வாசித்தேன். 'ரன்' என்ற வினைச்சொல்லில்தான் நின்றுபோனேன். கிரிக்கெட்டில் மட்டுமே தெரிந்த அந்தச் சின்னச் சொல்லுக்கு, ஒரு தாளின் இருபுறமும் நிரம்பி வழியுமளவு கருத்துகள் கிடந்தன. மூக்கு ரன் பண்ணுமாம். கடையை ஒருவர் ரன் பண்ணுவாராம். உப்பும் மிளகாய்த்தூளும் பட்ட விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுத் தொட்டு வாசித்தேன். உப்பு முடிந்து குசினிக்குப் போய்த் திரும்புவதற்குள், உப்புப் பட்ட அந்தத் தாளை மட்டும் மான் உருவிக்கொண்டுவிட்டது.

முந்திய பக்கத்தின் அடியில் சொல் மிஞ்சியது. அடுத்த பக்கத்தின் உச்சியில் அதன் பிறப்புப் பற்றிய நான்கு வரிகள் மிஞ்சின. இடையிலிருந்த கருத்துகள் எல்லாம் மானின் வயிற்றில்.

மூதூருக்கு ஆட்களை ஏற்றிச்செல்லும் லோஞ்ச் படகின் ஓட்டுநரான சித்தப்பா பின்னேரம் வந்து சம்பவத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"ஆர் அந்தப் பக்கத்தைப் பாக்கப்போகினம், மகள்? பூட்டிக் கிடந்த புத்தகம்தானே. ஒண்டும் சொல்லாமல் குடுத்துப்போட்டு வா."

"தம்பி, பிள்ளைக்குக் களவு பழக்காதையும்," என்றார் அம்மா.

நான் இரவுச் சாப்பாடு வரை யோசித்தேன். சொன்னால் வகுப்பு முழுவதும் அலுமாரியை இழக்கும். சொல்லாவிட்டால், அந்தச் சொல்லைத் தேடி வரும் அடுத்த பிள்ளை வெறுமையைத்தான் காணும். இரண்டும் சரியில்லை என்று பட்டதால், போன தாளை நானே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வேறு அகராதி எங்களிடம் இல்லை; வாசித்ததில் மூக்கும் கடையும் மட்டுமே நினைவில் நின்றன. ஆகவே ஆட்களிடம் கேட்டேன். "எனக்கு எங்கை இங்கிலீஷ் தெரியும்?" என்ற அம்மா, கையிலிருந்த சட்டையைக் காட்டி, "இது சும்மா ரன்னிங் தையல்தான்," என்றார். கிண்ணியாவிலிருந்து வந்து புடவைக்கடை வைத்திருந்த, நாங்கள் 'நானா' என்று அழைக்கும் முஸ்லிம் அண்ணன், தனக்கும் ஆங்கிலம் தெரியாதென்று சத்தியம் செய்தார். அடுத்த நிமிடமே ஒரு வாடிக்கையாளரிடம், "இது ரன்னிங் மெட்டீரியல், எத்தின மீட்டரெண்டாலும் வெட்டலாம்," என்றார். ஆங்கிலம் தெரியாதவர்கள் எல்லோருடைய தொழிலிலும் அந்தச் சொல் குடியிருந்தது. அவர்கள் அதை ஆங்கிலம் என்றே நினைக்கவில்லை.

சனிக்கிழமை இறங்குதுறைக்குப் போனேன். "இஞ்சின் ரன்னிங்கில கிடக்கு, கிட்டப் போகாதை," என்று சித்தப்பா கத்தினார். அதையும் குறித்துக்கொண்டேன். வரிசையில் நின்ற ஒரு பெண், "நாங்கள் டிக்கெட் எடுக்கிறம், இந்தப் பிள்ளை சொல்லெல்லே எடுக்குது!" என்றார். துறையே சிரித்தது.

மிஞ்சிய நான்கு வரிகளையும் அங்கேதான் சித்தப்பாவுக்கு விளக்கினேன். முற்காலத்தில் 'ரன்' இரண்டு சொற்கள். ஒன்று தானாக ஓடுவது, மற்றது இன்னொன்றை ஓடச்செய்வது. காலப்போக்கில் இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டன. "தமிழில் அப்பிடிக் குழப்பம் இல்லை. ஓடுறது வேறை, ஓட்டுறது வேறை," என்றேன் பெருமையாக.

"அப்ப நான் என்ன செய்யிறன்? லோஞ்ச் ஓடுறன் எண்டுதானே சொல்லுறனான். நீயும் சைக்கிள் ஓடுறனெண்டுதானே சொல்லுறனீ?"

உண்மைதான், எங்கள் ஊரில் யாரும் 'ஓட்டுறன்' என்று சொல்வதில்லை. எங்கோ குளிர்நாட்டில் ஒரு மொழி எப்போதோ போன வழியிலேயே எங்கள் ஊர்ப் பேச்சும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் போயிருக்கிறது என்ற வியப்பு, போன தாள் பற்றிய பயத்தைச் சற்று நேரம் மறக்கச் செய்தது.

பதினேழு கருத்துகள் சேர்ந்தன. ஒவ்வொன்றின் கீழும் அதைச் சொன்னவர் யார் என்று எழுதினேன். கடைசி வரியில், "மிச்சத்தை மான் தின்றது."

திங்கட்கிழமை என் தாளை உள்ளே வைத்து அகராதியை ஆசிரியையிடம் நீட்டினேன். அவர் நின்றபடியே என் தாளின் இரு பக்கத்தையும் வாசித்தார்.

"மான் எத்தினை கருத்துச் சாப்பிட்டது?"

"தெரியாது டீச்சர். நான் எண்ணுறதுக்கு முதல் திண்டிட்டுது."

அவர் சிரிக்கவில்லை. என் தாளை அதன் இடத்தில் பசையிட்டு ஒட்டினார். பிறகு அலுமாரிப் புத்தகங்களின் பதிவேட்டைத் திறந்து, "ஒரு தாள் இல்லை. பொறுப்பு:" என்று எழுதித் தன் கையொப்பத்தை இட்டார். அகராதி அடுத்த பிள்ளையிடம் போனது. பதிவேட்டில் அப்படித்தான் எழுதுவது வழக்கமாக்கும் என்று எண்ணி, தப்பிய மகிழ்ச்சியில் நான் விளையாடப் போனேன்.

பட்டம் பெற்ற பின், அதே பாடசாலையின் வருடாந்தப் பொருட் கணக்கெடுப்புக்கு உதவப் போனபோது அந்தப் பதிவேடு என் கைக்கு வந்தது. ஆசிரியையின் வரிக்குக் கீழே வேறு மையில், "விளக்கம் கோரப்படுகிறது," என்று அதிபர் எழுதியிருந்தார். அதற்கும் கீழே ஆசிரியையின் கையெழுத்து: "புத்தகம் பிள்ளைகளின் பயன்பாட்டில் பழுதடைந்தது. பயன்பாடு தொடர வேண்டும்." பாடசாலைப் பொருளுக்குக் கையொப்பமிடுபவரே அதன் குறைக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பது பதினொரு வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் அன்றிலிருந்து படலையைச் சாத்தப் பழகிக்கொண்டேன். அலுமாரி அதன்பின் பூட்டப்படவில்லை.