விளம்பரத்துத் துரையும் லேடி டொக்டரும்

கார் விற்கிற தொழிலில் நாங்கள் காரைவிட ஆண்பிள்ளைத்தனத்தைத்தான் அதிகம் விற்றோம். என்னைப்போல் கடையில் நின்று கால்கடுத்த சகபாவிகளுக்கு இது தெரியும்.

நிமிர்ந்த தாடை

பதுளையில் எங்கள் கடைச் சுவரில் கம்பெனி விளம்பரம் ஒன்று தொங்கும். அதில் வெள்ளைக்காரத் துரை தாடையை நிமிர்த்தி, முழங்கையை ஜன்னலில் போட்டு ஓட்டுவார். பக்கத்தில் துரைசாணி அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஒருவர் கார் பார்க்க வந்தார். ஹாலிஎல வரை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தோம். மனுஷன் அதே தாடை, அதே முழங்கை. முதல் வளைவிலேயே வண்டி றோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டது. கால்சட்டைச் சேற்றைத் தட்டிக்கொண்டே என்னைக் கேட்டார்: "படத்திலை இருக்கிற துரை றோட்டைப் பாத்தோ ஓட்டுறார்?"

முதலாளி காட்டிய மெத்தை

கொஸ்லந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு யாழ்ப்பாணத்து லேடி டொக்டர் ஒருவர் வந்திருந்தார். அங்கே பிரசவம் சிக்கலானால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிதான். அதிலும் கொழுந்து இறங்கிய பிறகுதான் பிள்ளைத்தாய்ச்சி ஏறலாம். அப்படிக் காத்திருந்தே ஒருத்தி செத்துப்போனாள். அதனால்தான் டொக்டர் அம்மா சொந்தமாகக் கார் வாங்க வந்தார்.

ஆண்களுக்கு எஞ்சினைத் திறந்து காட்டும் எங்கள் முதலாளி, அவருக்கு சீட் மெத்தையின் நிறத்தைக் காட்டினார். மலையில் பிரேக் தாங்குமா என்று கேட்டதற்கு, "வீட்டு ஐயா வரட்டுமே, சொல்றேன்" என்றார். எனக்கே கூசியது. அம்மா கைப்பையை மேசையில் வைத்தார்: "பிரசவ வலி ஐயாவைக் கேட்டோ வரும்? பிறேக்கைக் காட்டுங்கோ."

படம் பிடித்த அன்று

டொக்டருக்கு வண்டி விற்றதையே விளம்பரமாக்க, முதலாளி படக்காரரையும் என்னையும் ஆஸ்பத்திரிப் பக்கத்துத் தோட்டத்துக்கே கூட்டிப்போனார். படக்காரர் ஸ்டியரிங்கில் தோட்டத்து உதவி மனேஜரான வெள்ளைக்காரச் சின்னதுரையை உட்கார வைத்தார். வண்டி வாங்கிய டொக்டர் பக்கத்தில் இருந்து அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமாம். பின்னால் கூடையோடு கொழுந்துப் பெண்கள். அந்நேரம் கங்காணி ஓடி வந்தார்: தொழிலாளர் லயத்தில் கொழுந்து எடுக்கிற முத்தம்மாவுக்குப் பிரசவ வலி, இரத்தம் நிற்கவில்லை. சின்னதுரை தாடையை இறக்காமல், "இன்னும் ஒரு படம்" என்றார். "இறங்கும்!" என்று டொக்டர் போட்ட அதட்டலில் துரை தொப்பியையும் மறந்து குதித்தார். அந்த வளைவுகளில் அம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டிய ஓட்டத்தில், பின்சீட்டில் முத்தம்மாவைத் தாங்கியிருந்த நான் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

பேப்பரில் வந்ததென்னவோ அன்று பிடித்த சின்னதுரை படம்தான், "ஆண்மைக்கேற்ற வண்டி" என்ற எழுத்தோடு. வயிறெரிந்து அதை ஆஸ்பத்திரியில் முத்தம்மாவிடம் காட்டினேன். பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இவர எறக்கி விட்டுட்டுத்தானுங்களே என்னைய ஏத்துனாங்க?"

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து வருஷங்களாகியும், ஒரு துரையை ஸ்டியரிங்கிலிருந்து இறக்க ஒரு பெண்பிள்ளைதான் அதட்ட வேண்டியிருந்தது.