பந்தை உதைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்

பந்து பிடிக்கத் தெரிந்ததால்தான் எனக்குக் கணக்கு எழுதும் கிராணி வேலை கிடைத்தது. துறைமுகத்தையொட்டிக் கிடங்கு வைத்திருந்த ஒரு கப்பல் கம்பெனி அது. அந்தக் காலத்துப் பினாங்கில் பந்து விளையாடுவதற்கென்று யாரும் நேராகச் சம்பளம் தருவதில்லை. நல்ல ஆட்டக்காரன் கண்ணில் பட்டால் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டு ஒரு நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள். நான் கோல் காப்பவன். காலையில் தொங்கான் படகுகளிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்குக் கணக்கு எழுதுவேன். நாலு மணியானால் துரையே மேசைப் பக்கம் வந்து, "இன்னும் என்ன எழுதுகிறாய்? திடலுக்குப் போ" என்று விரட்டுவார்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கள் கிடங்கிலும் என்னைவிட நன்றாகக் கணக்கு எழுதியவர்களை நிறுத்தினார்கள். தகரப்பெட்டியும் பாயுமாகத் துறைமுகத்தில் குந்தியிருந்த குடும்பங்களைத் தாண்டித்தான் நான் பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பாடாங் திடலுக்குப் போவேன். யார் முகத்தையும் பார்க்க மாட்டேன்.

அத்தானும் ஆட்டக்காரர்தான். என் அக்காவைக் கட்டுவதற்கு முன்பே எனக்கு அவரைத் தெரியும், எதிரியாக. புக்கிட் மெர்தாஜாமில் ரயில் இஞ்சினில் கரி அள்ளிப் போடும் வேலை. ரயில்காரர்கள் அணிக்கு நடு முன்னாட்டக்காரர். கரி அள்ளி அள்ளி இறுகிய தோள், அதற்குப் பொருந்தாத மெல்லிய கால்கள். அந்தக் கால்கள்தான் எங்கள் பின்னாட்டக்காரர்களைத் தூங்க விடாது. பெண் பார்க்க வந்த அன்று அப்பா, "தம்பிக்கு எங்க பையனைப் பழக்கமா?" என்று கேட்டார். அவர் என்னைக் காட்டி, "இவர் வலைக்குள்ளே போன பந்தையெல்லாம் கேட்டுப் பாருங்க, என்னைப் பத்திச் சொல்லும்" என்றார். அப்பா ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தவர். லேசில் சிரிக்காதவர். அன்றைக்குச் சிரித்தார். கதவுக்குப் பின்னால் அக்காவும் சிரித்தது கேட்டது. மாதா கோவிலில் கல்யாணம் நடந்து, அக்கா புக்கிட் மெர்தாஜாம் போனாள்.

அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதபோது எங்கள் கம்பெனியும் ரயில்காரர்களும் கோப்பை ஆட்டத்தின் இறுதிக்கு வந்தோம். ஆட்டத்தன்று காலை அக்காவும் அத்தானும் பிறைத் துறையில் பெரிப் படகு ஏறி வந்து எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். அம்மா வைத்த மீன் குழம்பை அத்தான் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார்.

"வயிறு கனத்தா கால் ஓடாது, அத்தை. இன்னிக்கு உங்க மகன் வலை கிழியணும்ல."

"வாங்க, பார்த்துக்கலாம்" என்றேன்.

அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "யார் ஜெயிச்சாலும் வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது. ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்" என்றாள். அவள் பந்தாட்டம் பார்க்க வந்தது அந்த ஒரு தடவைதான். அம்மாவோடு சாலையோரத்து மரநிழலில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் பாதியில் யாரும் கோல் போடவில்லை. இடைவேளையில் ஒரு தூறல் விழுந்து புல் வழுக்கியது. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் ரயில்காரர்கள் நீளமாக ஒரு பந்தைத் தூக்கி அடித்தார்கள். எங்கள் பின்னாட்டக்காரன் திரும்பும்போது சறுக்கி விழுந்தான். அத்தான் தனியாக வந்தார்.

கோட்டிலேயே நின்று காப்பவர்கள் உண்டு. நான் அப்படி இல்லை. வெளியே ஓடிப்போய், உதைக்கப் போகிறவன் காலடியிலேயே விழுந்து பந்தை அணைத்துக்கொள்வதுதான் எனக்குப் பேர் வாங்கித் தந்த ஆட்டம். அன்றும் ஓடினேன். அவர் பந்தைக் கொஞ்சம் முன்னால் தட்டிவிட்டார், நான் விழுந்தேன். பந்து நெஞ்சுக்கு வந்துவிட்டது. என் தோள் அவருடைய முழங்காலுக்குக் கீழே இடித்தது. கிடங்கில் கள்ளிப்பெட்டியின் பலகையை உடைக்கும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டது.

கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாது என்று பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தேன், சொன்னபோதெல்லாம் பொய்தான். விசில் ஊதவில்லை. நான் எழுந்தேன். பந்து கையில் இருந்தது. இரண்டு எட்டு வைத்து ஓங்கி உதைத்தேன். எங்கள் இடதுபக்க ஆள் அதை வாங்கி ஓடினான், உள்ளே தள்ளினான், கோல். பாடாங் முழுக்கக் கத்தியது. அதற்குப் பிறகுதான் நான் திரும்பிப் பார்த்தேன்.

அத்தான் ஒரு முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்த மாதிரி கிடந்தார். கத்தவில்லை. தன் காலையே வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா திடலுக்குள் ஓடி வந்துகொண்டிருந்தாள், குடை கையில் விரித்தபடியே.

ஆட்ட நடுவர் ஒரு வெள்ளைக்காரர். "சுத்தமான ஆட்டம்" என்று என் தோளைத் தட்டினார். ரயில்காரர்களின் கேப்டனே வந்து, "உன் மேலே தப்பில்லைப்பா" என்றார். ஒரு பெஞ்சைக் கவிழ்த்துப்போட்டு அத்தானைத் தூக்கிப் போனார்கள். நான் கூடப் போகவில்லை. போகலாமா என்று கேட்கக்கூட இல்லை. இன்னும் சில நிமிடங்கள் ஆட்டம் பாக்கி இருந்தது. வலைக்கு முன்னால் போய் நின்றேன், இன்னொரு பந்தையும் பிடித்தேன்.

கோப்பை வாங்கிப் படம் எடுத்த பிறகு, சேற்றுச் சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அன்று அப்பாவுக்கு வேலை முறை. மருமகனின் பூட்ஸை அவர்தான் கத்தரியால் வெட்டி எடுத்திருக்கிறார். வராந்தாவில் என்னைப் பார்த்ததும், "ஜெயிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டது.

"ஆமாப்பா."

"கையைக் கழுவிட்டு உள்ளே வா."

அக்கா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவர் விழுந்து கிடந்தாரு. நீ பந்தைத்தானே பார்த்தே?"

நான் கை கழுவப் போனேன். அவள் அதை மறுபடி கேட்கவில்லை.

எலும்பு சேர்ந்தது. ஆனால் கோணலாகச் சேர்ந்தது. கால் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது. ஆடிக்கொண்டே ஓடும் இஞ்சினில் நின்று கரி அள்ள அந்தக் காலால் முடியாது. இன்னும் சில வருடங்களில் டிரைவராகியிருக்க வேண்டிய மனிதர். ரயில்காரர்கள் கைவிடவில்லை, நிபோங் திபாலுக்குப் பக்கத்தில், ரப்பர் காட்டுக்கு நடுவில் சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் கேட் திறந்து மூடும் வேலை கொடுத்தார்கள். அத்தான் சிரித்துக்கொண்டே, "இனிமே நாம ரெண்டு பேரும் கீப்பர்தான் மாப்பிள்ளை" என்றார். அந்தச் சிரிப்புக்கு நான் எப்படி முகம் காட்டினேனோ தெரியவில்லை. மாதா கோவிலும் பாசாரும் பக்கத்து வீட்டுப் பேச்சுமாகப் புக்கிட் மெர்தாஜாமில் இருந்த அக்கா, தகரக் கூரை போட்ட ஒற்றை அறைக்குக் குடிபோனாள். சுற்றிலும் மரமும் கொசுவும்தான்.

எனக்கு அந்தக் கோல் நல்லதைச் செய்தது. வேலை நிரந்தரமானது. பினாங்கு அணிக்கும் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கோப்பையோடு நான் நிற்கும் படத்தைக் கம்பெனியில் சட்டம் போட்டுத் தந்தார்கள். அம்மா அதைத் திரு இருதயப் படத்துக்குக் கீழே மாட்டினாள். அக்கா வரும் நாளில் மட்டும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைப்பாள். சுவரில் ஆணி மட்டும் நிற்கும். அக்கா அந்த ஆணியைப் பார்ப்பாள், நான் அக்காவைப் பார்ப்பேன்.

அடுத்த பருவத்தில் எனக்கு ஒன்று வந்தது. அதைப் பயம் என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. யாராவது பந்தோடு தனியாக வந்தால் என் கால் கோட்டைவிட்டு நகராது. வெளியே போகச் சொல்லி உடம்பு துடிக்கும், கால் நகராது. நான் நின்று பார்க்கப் பார்க்கப் பந்து உள்ளே போகும். துரை ஒருநாள் மேசைக்கு வந்தார். "உடம்பு சரியில்லையா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியென்றால் என்ன?" என்றார். அந்தக் கிடங்கில் என் நாற்காலி எதன்மேல் நிற்கிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். வேலை போனால் போகட்டும், அதுதான் நியாயம் என்றுகூடச் சில நாள் நினைத்தேன். அப்படி நினைத்தால் கொஞ்சம் இதமாக இருந்தது.

ரயில்காரர்கள் வழியாக இந்தச் செய்தி அத்தானின் கேட் வரைக்கும் போயிருக்கிறது. ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் இடைவேளை முடிந்து வலைக்குப் போனபோது, எனக்குப் பின்னால் கம்பை ஊன்றிக்கொண்டு அத்தான் நின்றிருந்தார். ரயிலேறி, பெரி ஏறி, அந்தக் காலோடு துறைமுகத்திலிருந்து நடந்து வந்திருக்கிறார்.

"என்னைப் பார்க்காதே. முன்னாலே பாரு" என்றார்.

கொஞ்ச நேரத்தில் எதிரணியின் ஆள் ஒருவன் தனியாக வந்தான். நான் கோட்டில் உறைந்தேன்.

"வெளியே போ! போடா வெளியே! போ!"

அவர் என்னை 'டா' போட்டதே இல்லை. என் கால் எப்போது கிளம்பியது என்று தெரியாது. விழுந்தேன், பந்து நெஞ்சில் இருந்தது. எதிராளி என்னைத் தாண்டிக் குதித்து அந்தப்பக்கம் ஓடினான். அவன் இரண்டு காலும் நன்றாக இருந்தன. நான் எழுந்து உதைக்காமல் அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "உதை!" என்று குரல் வந்தது. உதைத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். அத்தான் கோப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றினார்.

"உன்னிடத்திலே நான் இருந்தாலும் விழுந்திருப்பேன். இது ஆட்டம். அதுக்காக நீ செத்தவனாட்டம் நிக்கணுமா?"

"விழுந்தது இல்லே அத்தான்" என்றேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது. "உங்க கால் போன சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் பந்தை உதைச்சேன்."

அவர் தட்டைக் கீழே வைத்தார். வெளியே ஒரு ரிக்‌ஷா போவதைப் பார்த்தார். அது போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும். படுத்துக்கிட்டே பார்த்தேன்" என்றார். அப்புறம், "நல்ல உதை. நடுக்கோட்டைத் தாண்டிப் போச்சு."

பரவாயில்லை என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கோப்பியைக் குடித்து முடித்து, "பெரிக்கு நேரமாச்சு, வா" என்று கம்பை எடுத்தார். துறைமுகம் வரைக்கும் அவர் பக்கத்தில், அவருடைய நடைக்கு ஏற்றபடி நடந்தேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை. நான் நீட்டவும் இல்லை.

அதற்குப் பிறகும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி வரைக்கும் பந்து பிடித்தேன். நன்றாகவே பிடித்தேன். வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் போன பிறகுதான் விட்டேன். அப்போதும் கம்பெனி என்னைக் கணக்கு எழுத வைத்துக்கொண்டது.

மாதத்தில் ஒரு ஞாயிறு நிபோங் திபாலுக்குப் போவேன். அத்தான் என்னோடு பந்தைப் பற்றித்தான் பேசுவார். எந்த அணி, எந்த ஆள், யார் எப்படி உதைக்கிறான் என்று. அக்கா எனக்கென்று வைத்திருந்த நாற்காலியை வெளியே கொண்டுவந்து துணியால் துடைத்துப் போடுவாள். ஓரத்தில் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் தேநீர் வரும். அவர்கள் குடிப்பது தகரக் குவளையில். சாப்பாட்டுக்கு எனக்குத்தான் முதல் இலை. கோபம் என்று ஒரு சொல்லும் இல்லை.

மழைக்காலத்தில் அத்தானுக்குக் கால் குடைச்சல் எடுக்கும். அப்போதெல்லாம் அக்காதான் கேட்டை மூடுவாள். ஒரு ஞாயிறு, தெற்கிலிருந்து வண்டி வரும் நேரம். மழை நின்றபாடில்லை. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, கனமான மரக்கதவைத் தோள்கொடுத்துத் தள்ளினாள். நான் நாற்காலியைவிட்டு எழுந்து ஓடினேன்.

"விடுக்கா, நான் தள்றேன்."

அவள் என் கையைக் கதவிலிருந்து எடுத்துவிட்டாள், மெதுவாகத்தான்.

"நீ போய் உட்காரு தம்பி. விருந்துக்கு வந்தவன் நனையக் கூடாது."

நான் போய் உட்கார்ந்தேன்.