ஈரக்கைப் பரீட்சை

பாத்திரம் கழுவும் தொட்டியில் ரப்பர் கையுறையோடு இரண்டு கைகளையும் முக்கி எடுத்து, அலமாரியில் சாய்த்து வைத்த போனைத் தொட்டுப் பார்க்கிறாள். அசையவில்லை. மூக்கால் தொடுகிறாள், அடுத்த கேள்வி வருகிறது. "மூக்குக்குப் பாஸ், கைக்கு பெயில்" என்று முனகிக்கொண்டே நோட்டில் குறிக்கப் போனால் பேனா வழுக்கிக் கீழே விழுகிறது. பஸ் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருக்கும் கணவருக்கு இதெல்லாம் பழகிப்போன கூத்து. கையுறை போட்டது போட்டாயிற்று, அப்படியே பாத்திரத்தையும் கழுவிவிடலாமே என்கிறார்.

வேலை செய்கிற இடங்களில் கற்றுக்கொடுப்பதற்குப் பாடத்திட்டம் போட்டுத் தருவது அவள் தொழில். பாதிப் பாடம் போனில் வரும்: ஒரு சின்னப் படம், கீழே நாலு கேள்வி. மீதிப் பாதி இயந்திரத்துக்கு முன்னால் நின்று கையால் செய்து பழகுவது. எதைப் போனில் சொல்லிவிடலாம், எதைப் பக்கத்தில் நின்றுதான் சொல்ல வேண்டும் என்று பிரிப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விடும். படம் மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு நொடி ஓடக் கூடாது, ஈவு இரக்கமில்லாமல் வெட்டுவாள். போகிற இடமெல்லாம் 'மூணு நிமிஷ அக்கா' என்றுதான் பெயர். நம்மைத் திட்டும்போது மட்டும் அந்தக் கணக்கு எங்கே போகிறது என்று மகள் கேட்பாள்.

பாடம் எழுதுமுன் அந்த வேலையைத் தானே செய்து பார்ப்பது இன்னொரு பழக்கம். செய்வது மகா மோசமாக இருக்கும். பெட்டி ஒட்டினால் தன் சட்டைக் கையையும் சேர்த்து ஒட்டுவாள். சுற்றி நின்று சிரிப்பவர்களைக் கோபித்துக்கொள்ளவே மாட்டாள். எந்த இடத்தில் சிரிக்கிறார்களோ, அந்த இடத்தில் ஒரு பாடம் இருக்கிறது என்று குறித்துக்கொள்வாள்.

பாத்திரத் தொட்டியில் நடக்கிற அந்த ஈரக்கைப் பரீட்சை மட்டும் இரண்டு வருடமாகத்தான். ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வாங்கிக்கொண்டு வந்தது அது. அங்கே ஆள் நீளத்துக்கு ஓர் இஸ்திரி இயந்திரம். ஈரமான படுக்கை விரிப்பை ஒரு பக்கம் விட்டால், கொதிக்கிற உருளைகளுக்கு நடுவே போய் மறுபக்கம் மொடமொடவென்று வரும். நடுவில் துணி சிக்கினால் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும், மின்சாரத்தை அணைக்க வேண்டும், சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். உருளை முழுக்க நின்ற பிறகுதான் கையை விடலாம். பொத்தானை அமுக்கியதும் உடனே நின்றுவிடுகிற நல்ல குணம் அதற்கு இல்லை.

பதினாலு பேருக்குப் பதினாலு பூட்டு வாங்கிக் கொடுத்தாள். ஒருநாள் இரண்டு மணி நேரம் எல்லாரையும் மாட்டிக் கழற்ற வைத்தாள். பிறகு போன் பாடம். ஒரே வாரத்தில் பதினாலு பேரும் நூற்றுக்கு நூறு! சலவைக்கூட மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. போனிலேயே இவ்வளவு நன்றாகப் படிக்கிறார்களே, திங்கட்கிழமை வருகிற இரண்டாவது ஷிப்டு முப்பது பேருக்கு இயந்திரப் பயிற்சி வேண்டாம், இரண்டு மணி நேரம் வேலை கெடுகிறது என்றார்.

இவளும் குளிர்ந்துதான் போனாள், பட்டியலைப் பார்க்கும்வரை. மனைவிக்குப் பிரசவம் என்று அந்த வாரம் முழுக்க லீவில் இருந்தவரும் நூறு வாங்கியிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் போய் அவர்களோடு உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. துணி மடிக்கிற பெண்தான் டப்பாவை மூடிவிட்டுத் தானாகச் சொன்னாள்.

"நான்தான்க்கா என் போன்லயே எல்லார் பேர்லயும் பதில் போட்டேன். அவங்க கையெல்லாம் எப்பவும் ஈரம். கையுறையக் கழட்டி, துடைச்சு, போன எடுக்கறதுக்குள்ள அடுத்த வண்டித் துணி வந்துடும். எனக்கு மட்டும்தான் காய்ஞ்ச துணி, காய்ஞ்ச கை." குரலைத் தாழ்த்தி, "என்னை வேலையை விட்டு எடுத்துடுவாங்களா?" என்றாள்.

மூணு நிமிஷ அக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஈரக்கைக்காரர்களுக்குக் காய்ந்த கையால் பாடம் எழுதியவள் அவளல்லவா! நேரே மேனேஜரிடம் போய், அந்த மார்க்கெல்லாம் செல்லாது என்றாள். யார் செய்தது, பெயரைச் சொல்லுங்கள் என்று அவர் பிடித்துக்கொண்டார்.

"எழுதினவ நான் சார். தப்பு என் பாடத்துல" என்பதற்கு மேல் அவள் வாய் திறக்கவில்லை.

சரி, போன் பாடத்தைத் திருத்துங்கள், பயிற்சி மட்டும் கிடையாது என்றார் மேனேஜர். முப்பது பேரின் கை அவள் கண்முன் வந்து போனது. வாருங்கள் காட்டுகிறேன் என்று அவரை இயந்திரத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போனாள். அவள் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு விரிப்பு சிக்கியது. பேச்சு மும்முரத்தில் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். அமுக்கின கையோடு, துணி முனையை இழுக்க உருளைப் பக்கம் கையை நீட்டினாள். பாடம் எழுதியவள், படம் எடுத்தவள், நாற்பது தடவை பார்த்து வெட்டி ஒட்டியவள்!

மடிப்பு மேஜையிலிருந்து வந்து மணிக்கட்டைக் கப்பென்று பிடித்தாள் அந்தப் பெண். உருளை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"உங்க பூட்டு எங்கக்கா?"

பதினாலு பூட்டு வாங்கியவள் தனக்கென்று ஒன்று வாங்கியிருக்கவில்லை. அந்தப் பெண் பிடித்த கையை விடாமல் மறுகையால் சுவிட்சை அணைத்து, இடுப்பிலிருந்த தன் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். பதினாலு தடவை பரீட்சை எழுதியதால் வந்த புத்தியா என்று கேட்க மேனேஜருக்கு விஷயம் தெரியாது. இவள் கேட்டாள், தனியாக.

"அதெல்லாம் சும்மா தட்டிட்டுப் போனதுக்கா. அன்னைக்கு எம் பூட்டை நானே மாட்டிக் கழட்டினேன்ல? அந்தக் கைதான் வந்துச்சு."

மேனேஜர் அந்தப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு, "திங்கக்கிழமை ரெண்டு மணி நேரம் போதுமா மேடம்?" என்றார்.

இந்தக் கை அந்தப் பெண் போட்ட பிச்சை என்று வீட்டில் சொல்லாத நாளில்லை. புதுப் பாடம் எது எழுதினாலும் முதலில் போவது அந்தப் பெண்ணுக்குத்தான். துணி மடித்துக்கொண்டே பார்த்துவிட்டு, "அக்கா, நடுவுல தூக்கம் வருது" என்று அவள் போனில் குரல் பதிவு அனுப்பினால் அந்த நடுப்பகுதி போயே போய்விடும். மறுபேச்சு கிடையாது.

போன வாரம் ஒரு பெரிய கம்பெனியில் கூட்டம். வருடம் முழுக்க ஒரு விரல்கூட நசுங்கவில்லை, எல்லாம் மேடம் போட்ட பாடத்தின் புண்ணியம் என்று சொல்லிக் கைதட்டினார்கள். நன்றி சொல்ல எழுந்து நின்றாள். பேசத் தொடங்குமுன் இடது கை தானாக வந்து வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டது.