ஒட்டுக்குக் கீழே முளைத்த ரோஜா

ரோஜாச் செடிக்கு வைத்தியம் பார்க்கும் தொழிலில், நோயாளி திடீரென்று கொழுகொழுவென்று வளர ஆரம்பித்தால் அதுதான் முதல் கெட்ட செய்தி.

மாடியில் தொட்டி வைத்து அவதிப்படும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாம் வாங்கும் ஒட்டு ரோஜா உண்மையில் இரண்டு செடிகள். வேர் காட்டு ரோஜாவுடையது. மேலே இருப்பது நாம் ஆசைப்பட்ட ரோஜா. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு முண்டு இருக்கும். அதற்குக் கீழிருந்து கிளம்பும் கிளை காட்டு ரோஜா. அது வேகமாக வளரும், மேலே இருப்பதைப் பட்டினி போடும், நம் வெயிலில் பெரும்பாலும் பூக்கவும் பூக்காது. தாம்பரத்துக்கு மேற்கே ஒரு நர்சரியில் இருந்துகொண்டு, எது எந்தக் கிளை என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வது என் வேலை.

ஏழு இலை

செம்பாக்கத்தில் ஒருவர் வீடியோ பார்த்திருக்கிறார். ஒரு காம்பில் ஐந்து இலை இருந்தால் நல்ல ரோஜா, ஏழு இருந்தால் காட்டு ரோஜா என்று அதில் சொன்னார்களாம். நல்ல ரோஜாவிலும் ஏழு வரும், காட்டு ரோஜாவிலும் ஐந்து வரும். நான் போய்ச் சேர்வதற்குள் நல்ல கிளைகள் எல்லாம் குப்பைக் கூடையில் கிடந்தன.

“வீடியோல வந்தவரு கையில கத்தரி வெச்சிருந்தாருங்க, அதான் நம்பிட்டேன்” என்றார்.

மழைக்குப் பின்

முடிச்சூரில் ஜெசி டீச்சர் வீடு கீழ்த்தளம். மழை வெள்ளத்தில் கட்டில், பீரோ, பிரிட்ஜ் எல்லாம் போய்விட்டன. வாசலில் இருந்த ஆரஞ்சு ரோஜாத் தொட்டியும் முழுகியது. தண்ணீர் வடிந்து சில வாரங்களில் அது தளிர்த்தது. இப்போது அவர் தோள் உயரம். ஆனால் ஒரு மொட்டுகூட இல்லை. எனக்குப் போன் வந்தது.

“சார், இந்த வீட்ல எனக்குன்னு மிஞ்சினது இது ஒண்ணுதான். பூக்க வெச்சுக் குடுங்க.”

சீப்பு

நர்சரியில் தொட்டி ஏற்றி இறக்கும் ஏழுமலையும் என்னுடன் வந்தார். நான் லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இலைக்காம்பு தண்டில் ஒட்டும் இடத்தில் இருபுறமும் சிறு பச்சைச் சிறகு இருக்கும். எங்களுக்கு வரும் காட்டு ரோஜாக்களில் ஒரு வகைக்கு அதன் ஓரம் சீப்புப் பல் போல இருக்கும். இன்னொரு வகைக்கு நல்ல ரோஜாவைப் போலவே வழவழவென்று இருக்கும். அந்த வகையாக இருந்தால் மண்ணைத் தோண்டி முண்டைத் தேடுவதைத் தவிர வழியில்லை. ஒவ்வொரு காம்பாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா சார், செடிக்குப் பேன் பாத்துக்கினு கீற?” என்றார் ஏழுமலை.

டீச்சரின் பதில்

சீப்பு தெளிவாகவே தெரிந்தது. சந்தேகத்துக்கு மண்ணையும் விலக்கினேன். முண்டுக்கு மேலே எல்லாம் அழுகிக் கறுத்திருந்தது. பிழைத்தது வேர் மட்டும். சொன்னேன்.

வேர் நல்ல வேர், அதே ஆரஞ்சு ரோஜாவிலிருந்து ஒரு கண், அதாவது இலையடியில் இருக்கும் குருத்து, கிடைத்தால் இதிலேயே மறுபடி ஒட்டலாம் என்றேன். டீச்சருடையதோடு ஒரே நாளில் வாங்கிய அதே வகைச் செடி மாடி வீட்டில் பூத்துக் குலுங்கியது. மாடியில் இருப்பவர் டீச்சரின் நாத்தனார் வயலட். மோட்டாரை அணைக்காமல் விட்டது யார் என்ற தகராறில் இருவருக்கும் பேச்சில்லை.

“பூவே வேணாம் சார். அவகிட்டப் போய் நிக்க மாட்டேன்.”

மாடிப்படி

ஏழுமலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “இன்னாக்கா, அவங்க வூட்டையா எழுதிக் குடுன்னு கேக்கப் போற? ஒரு குருத்துதானே!” என்றார். நாங்கள் கேட்டைத் திறக்கும்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மேலே ஏறிப்போன டீச்சர் திரும்பி வந்தபோது கையில் ஈரத்துணியில் சுற்றிய குச்சி இருந்தது. பின்னாலேயே வயலட். நான் காட்டு ரோஜாவின் பட்டையைக் கீறிக் கண்ணைச் செருகி நாடா சுற்றினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நாடாவை இன்னும் கொஞ்சம் இறுக்குங்க சார், அண்ணி தண்ணிய வேகமா ஊத்துவாங்க” என்றார் வயலட்.

வெட்டு

சில வாரங்களில் கண் பிடித்து வீங்கியது. இனி அதற்கு மேலே உள்ள காட்டுக் கிளையை வெட்ட வேண்டும். அத்தனை மழையைத் தாண்டி வந்த கிளை. டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையிலிருந்த கத்தரியைத் தானே வாங்கி வெட்டினார்.

“இது மட்டும் பூக்கல, உங்க நர்சரி வாசல்ல வந்து உக்காந்துடுவேன், பாத்துக்குங்க.”

முதல் பூ

டீச்சர் வந்து உட்காரவில்லை. கூப்பிட்டுக் காபி கொடுத்தார். அதே ஆரஞ்சு ரோஜா விரிந்திருந்தது. வயலட் மாடியிலிருந்து இறங்கி வந்து, “என் பூ நல்லாத்தான் வந்திருக்கு அண்ணி” என்றார்.

“உன் தொட்டியில இவ்ளோ பெருசா என்னிக்குப் பூத்துச்சு? வேர் என்னுது” என்றார் டீச்சர்.

ஒரே தொட்டியில் எது காட்டு ரோஜா, எது நல்ல ரோஜா என்று கேளுங்கள், லென்ஸுடன் வருகிறேன். பூ யாருடையது என்று மட்டும் கேட்காதீர்கள்.